வாசலை அடைத்த ரம்பம்

கை வராத வேலையைச் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும்: நம்மிடம் ஒரு குறையும் இல்லை, கருவிதான் சரியில்லை. நானே செய்த ஸ்டூலில் நானே உட்கார்ந்து, நானே கீழே விழுந்தபோது எனக்கு அது தோன்றியது. தரையில் கிடந்தபடியே முடிவு செய்தேன். ஒரு மேசை ரம்பம் வாங்கிவிட வேண்டும்.

மேசை ரம்பம் என்றால் கனத்த இரும்பு மேசை. நடுவில் ஒரு பிளவு, அதன் வழியாக வட்டமான பல் பிளேடு பாதி தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் மோட்டார். பலகையை மேசைமேல் வைத்துத் தள்ளினால் போதும், நூல் பிடித்த மாதிரி அறுத்துக் கொடுத்துவிடும். (நூல் பிடித்த மாதிரி என்பது எனக்கு அதை விற்றவர் சொன்னது. நான் இதுவரை பார்த்ததில்லை.)

நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த மர வேலைக் கிறுக்கு எனக்குக் கொரோனா காலத்தில் பிடித்தது. போனிலேயே பின்னமும் விகிதமும் நடத்தி முடித்து, தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் போன் தானாகவே ஒரு வெளிநாட்டுக்காரியைக் காட்டும். அவள் ஒரு மரத்துண்டை எடுப்பாள், பத்து நிமிஷத்தில் அது அலமாரியாகிவிடும். அவளுக்கு வியர்க்காது. அவளுடைய ஆணி ஒன்றுகூட வளையாது. இதில் என்ன பெரிய கம்பசூத்திரம், எல்லாம் அளவுதானே என்று நினைத்தேன். அளவு என்னுடைய தொழில்.

முதலில் ஒரு சாவி மாட்டும் பலகை செய்தேன். அதைச் சுவரில் மாட்ட முடியவில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. அடுத்து மசாலா டப்பா வைக்க ஓர் அலமாரி. அது ஒரு புதன்கிழமை, கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருக்குள் மஞ்சள் பொடி டப்பாவோடு இறங்கியது. மூன்றாவதுதான் அந்த ஸ்டூல்.

என் வீட்டுக்காரர் வேல்ச்சாமி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். போர்வையை மடித்தால் ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் தன் சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் உயர வரிசையில் ஆணியில் தொங்கவிட்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். ஸ்டூலில் இருந்து நான் விழுந்த அன்று என்னைத் தூக்கிவிட்டு, ஸ்டூலைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "மூணு கால் சரியாத்தான் இருக்கு" என்றார்.

எல்லாம் இதோடு நின்றிருக்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் மகேஸ்வரிக்கு ஒரு வரன் வந்தது.

மகேசு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், பெயர் முத்துக்குமார், சொந்த ஊர் வத்திராயிருப்பு. அவனுடைய அப்பா குருசாமியும் பழைய ராணுவக்காரர்தான். தென்னந்தோப்பு இருக்கிறது. பையன் போட்டோவைப் பார்த்து மகேசு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் பிடிக்காததை எல்லாம் வாய் விட்டுச் சொல்கிற பெண், அதனால் ஒன்றும் சொல்லாதது நல்ல சகுனம்.

பையனின் அம்மா பேச்சியம்மாள் ஒரு நாள் போனில் பேசினார். மரியாதையான பேச்சு. "எங்களுக்கு நீங்க அது போடணும் இது போடணும்னு ஒண்ணும் கிடையாது மதினி. பிள்ளைக சந்தோசமா இருந்தாப் போதும்" என்றார். அதற்கு நான் "சரி மதினி" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். உலகத்தில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். நான் சொன்னது இது:

"அப்படிச் சொல்லாதீய மதினி. கட்டில், பீரோ எல்லாம் நானே என் கையால செஞ்சு தாரேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வியப்பில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "நீங்களேவா?" என்றார். "ஆமா, நானேதான்" என்றேன். "சரி" என்று போனை வைத்துவிட்டார்.

நாலு கால் ஸ்டூலில் மூன்றை மட்டும் தரையில் நிற்கவைத்தவள், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் படுக்கப் போகிற கட்டிலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி ரம்பம் இல்லாமல் முடியாது.

பழைய சாமான் வாங்க விற்க என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் பர்னிச்சர் பட்டறையை மூடப்போவதாகவும், ரம்ப மேசை விற்பனைக்கு இருப்பதாகவும் போட்டிருந்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரரிடம், "ஒரு சின்ன மிஷின் பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன். கையில் டேப் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு கேட்டின் அகலத்தை அளந்து உள்ளங்கையில் எழுதியும் வைத்திருந்தேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

பட்டறை தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மாரியப்பன் என்று பெயர், ஒல்லியான மனிதர். மிஷினைத் தடவிக் கொடுத்தபடியே பேசினார்.

"தங்கம்க்கா இது. வார்ப்பு இரும்பு. இப்ப இப்படியெல்லாம் வராது. ஓடும்போது பக்கத்துல பேசினா காது கேக்காது, அம்புட்டுதான் குறை."

"ஓட்டிக் காமிங்களேன்."

"கரண்ட் கனெக்சன எடுத்தாச்சுக்கா. கடைய மூடுதோம்ல."

அது நியாயமாகவே பட்டது. நான் மேசையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தேன். நீளவாக்கில் வைத்துத் தள்ளினால் எங்கள் கேட்டில் தாராளமாகப் போகும், நான்கு விரல் இடம் மிச்சம் இருக்கும். அடியில் மோட்டார், மேசையின் விளிம்பைத் தாண்டி ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். ஆனால் அது அடியில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அடியில் இருக்கிற பொருளுக்கு அகலம் கிடையாது என்று, எத்தனையோ வருஷமாகக் கணக்கு நடத்துகிற ஒருத்தி, வெயிலில் நின்று முடிவு செய்தாள்.

மாரியப்பனின் மனைவி உள்ளே இருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் அட்வான்ஸ் கொடுத்ததும் இன்னொரு காபி கொண்டுவந்தார். "எப்பக்கா எடுத்துட்டுப் போவீக? இன்னைக்கேவா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் அனுப்புங்கள் என்றதும், "மறக்காம எடுத்துக்கிடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வண்டி கிளம்பும்போது அவர் மிஷினுக்குக் கற்பூரம் சுற்றினாராம், டிரைவர் சொன்னார். நல்ல மனசு என்று நினைத்தேன். கற்பூரம் ஏன் சுற்றுவார்கள் என்று யோசிக்கவில்லை.

ஏன் மறுநாள்? அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணிக்கு வத்திராயிருப்புக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வரும்போது கொட்டகையில் மிஷின் கம்பீரமாக நிற்க வேண்டும். நான் அவர்களைப் பின்பக்கம் அழைத்துப் போய், சும்மா ஏதோ காட்டுகிற மாதிரி, "இதுலதான் கட்டில் அறுக்கப் போறேன்" என்று சொல்ல வேண்டும். அந்தக் காட்சியை பஸ்ஸில் வரும்போது பலமுறை ஓட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வருகிறேன் என்ற குட்டி யானை வண்டி ஒன்பதுக்குத்தான் வந்தது. வீட்டுக்காரர் பூவும் பழமும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். மகேசு உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். லோடு இறக்குகிற ஆட்கள் இரண்டு பேர், மிஷினைப் பலகை வழியாக இறக்கி, அடியில் இரும்புக் குழாய்களைப் போட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல்தான். மற்ற மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். முன்னால் நெஞ்சு உயரத்துக்கு காம்பவுண்டுச் சுவர், நடுவில் இரண்டு தூண், அதில் இரும்பு கேட்.

மேசை தூண்களுக்கு நடுவே அழகாக நுழைந்தது. நான்கு விரல் இடைவெளி, நான் சொன்ன கணக்குப்படியே. நான் பெருமையோடு தலையாட்டினேன். அப்போது மோட்டார் வந்து தூணில் இடித்தது.

"கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளுங்கண்ணே" என்றேன். சாய்த்துத் தள்ளினார்கள். மோட்டார் தூணை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஆனால் அதன் மேல் இருந்த பெல்ட் மூடி வளைந்து, கேட் தொங்குகிற கீலில் போய் மாட்டிக்கொண்டது. பாதி மிஷின் உள்ளே, பாதி மிஷின் தெருவில். முன்னால் தள்ளினால் போகவில்லை, பின்னால் இழுத்தால் கீல் விடவில்லை.

சமையலறைக்கு ஓடி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து இடுக்கில் ஊற்றினேன். எண்ணெய் மிஷினுக்கு ஒன்றும் செய்யவில்லை. படியில் வழிந்து, ஒரு ஆளை வழுக்கி உட்காரவைத்தது. டிரைவர் போனைப் பார்த்தார். "அடுத்து ஒரு சமையல் பாத்திர லோடு இருக்குக்கா. கல்யாண வீடு, காத்திருப்பாக" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கேயோ ஒரு கல்யாணமாவது ஒழுங்காக நடக்கட்டும்.

வீட்டுக்காரர் வந்தார். பைக்கின் ஹேண்டிலில் பூப்பந்து, பின்னால் வாழைத்தார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று பார்த்தார். மிஷினுக்கு உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவர்.

"என்னது இது?"

"ரம்ப மேசை."

"சின்ன மிஷின்னு சொன்ன."

"அறுவை மில்லுல இருக்கறதப் பாத்தா இது சின்னதுதான்."

அவர் வாழைத்தாரை மிஷினுக்கு மேலாக என்னிடம் நீட்டினார். பூவை நீட்டினார். பிறகு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் சொந்த வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் ஏறி, உள்ளே குதித்தார். கொட்டகைக்குப் போய் கடப்பாரையோடு திரும்பி வந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகேசு பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வெளியே வந்தாள். மிஷினைப் பார்த்தாள். கடப்பாரையோடு குனிந்திருக்கிற அப்பாவைப் பார்த்தாள். கையெல்லாம் எண்ணெயாக நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். நான் அவளைப் பெற்ற நாளிலிருந்து அவள் என்னை அப்படி ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லை.

சரியாகப் பத்தரைக்குத் தெருமுனையில் கார் திரும்பியது. ராணுவக்காரர் குடும்பம், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. இருந்திருக்கக் கூடாதா?

காரில் இருந்து குருசாமி இறங்கினார், பெரிய மீசை. பின்னால் பேச்சியம்மாள், மூட்டுவலியால் மெதுவாக. கடைசியில் முத்துக்குமார், சலவைச் சட்டையில், போட்டோவில் இருந்ததை விட நன்றாகவே இருந்தான். (அது வேறு எனக்கு வயிற்றெரிச்சல்.) நான் மிஷினுக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன்.

"வாங்க வாங்க. உள்ள வாங்க" என்றேன். வாய் பழக்கத்தில் சொன்னதுதான். மூன்று பேரும் உள்ளே வருவதற்கு எது வழி என்று பார்த்தார்கள். இடது தூணைப் பார்த்தார்கள், வலது தூணைப் பார்த்தார்கள், நடுவில் இருந்த பிளேடைப் பார்த்தார்கள்.

அடுத்த வீட்டு சுப்பம்மா அக்கா இதையெல்லாம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெலுங்கு பேசுகிறவர், தங்கமான மனுஷி, ஆனால் எந்தக் கூட்டத்தையும் விடமாட்டார். "ரண்டி, ரண்டி, கூர்ச்சோண்டி" என்று விருந்தாளிகளை அழைத்து, தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவிலேயே போட்டுவிட்டார். "எங்க மாடி வழியா ஏறி அவிய மாடிக்குப் போயிரலாம், ஒரு சின்னத் தாவல்தான்" என்று யோசனையும் சொன்னார். பேச்சியம்மாள் தன் மூட்டைத் தடவிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தெருவில் உட்கார்ந்தார்.

அப்படியாகத்தான் என் ஒரே மகளின் பெண் பார்க்கும் படலம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெருவில், பெண் வீட்டார் காம்பவுண்டுக்குள், நடுவில் ரம்பம். எதிர் வீட்டுத் திண்ணையெல்லாம் நிரம்பிவிட்டது. ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, கடை திறப்பு விழாவா?" என்று கேட்டார்.

மகேசு காபித் தட்டை எடுத்துவந்தாள். நீட்டினால் கை எட்டவில்லை. வேறு வழியில்லாமல் தட்டை ரம்ப மேசையின் மேல் வைத்தாள். பிளேடைச் சுற்றி மாரியப்பன் கட்டிவிட்டிருந்த துணி எப்போதோ அவிழ்ந்து போயிருந்தது. முத்துக்குமார் எழுந்து வந்து கையை நீட்டினான்.

"ஏலே, கை, கை" என்று பேச்சியம்மாள் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். "பிளேடு இருக்குலே, பாத்து எடு." எங்கள் வீட்டுக்கு வந்து அவர் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது.

பிள்ளைகள் தனியாகக் கொஞ்சம் பேசட்டும் என்று குருசாமி சொன்னார். தனியாக எங்கே பேசுவது? இருவரும் மிஷினுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"இதை நீங்கதான் ஓட்டுவீங்களா?" என்றான் பையன்.

"இல்ல. எங்க அம்மா."

"ஓடுமா?"

"தெரியாது."

அவன் தலையாட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சு முடிந்தது.

குருசாமிக்கு அதற்கு மேல் கை சும்மா இருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று இரண்டு கேள்வியில் அவர் என் வீட்டுக்காரரை விட மேல்பதவியில் இருந்தவர் என்று தெரிந்துவிட்டது. உடனே இவர் கடப்பாரையைப் பக்கத்தில் நிறுத்தி விறைப்பாக நின்றுவிட்டார். அவர் உத்தரவு போட, இவர் உள்ளிருந்து நெம்ப, பையன் வெளியிலிருந்து தள்ள, வேலை மும்முரமாக நடந்தது. முடிவில் மிஷின் ஓர் அங்குலம் நகர்ந்தது. அதே நேரம் தூணில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு வெடிப்பு விழுந்தது. பையன் நிமிர்ந்தபோது அவன் சட்டையின் முன்பக்கம் முழுக்க கிரீஸ், மேசை விளிம்பின் அச்சு அப்படியே இருந்தது.

"நேரமாச்சு" என்றார் பேச்சியம்மாள். "கிளம்புவோம். போயிட்டுத் தகவல் சொல்லுதோம்."

தாம்பூலத் தட்டையும் மிஷினுக்கு மேலாகத்தான் கொடுத்தேன். அவருக்குக் குங்குமம் வைக்க எக்கினேன். நெற்றியில் குங்குமத்தோடு சேர்த்துக் கருப்பாக ஒரு கோடும் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். 'போயிட்டுத் தகவல் சொல்லுதோம்' என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கொத்தனார் மறுநாள்தான் வருவேன் என்றுவிட்டார். திங்கட்கிழமை காலை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை முதலில் சுவருக்கு வெளியே இறக்கிவிட்டு, நானும் ஏறிக் குதித்தேன். குதித்த இடத்தில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் சைக்கிளோடு நின்றார்கள். "குட் மார்னிங் டீச்சர்" என்றார்கள். நானும் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், உங்க வீட்டுக்கு போலீஸ் வந்து ஏதோ அறுவை மிஷின மடக்கிப் பிடிச்சாங்கன்னு சொல்லுதாங்களே. மலையில இருந்து மரம் ஏதும்..." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போலீஸ் வந்தது உண்மை. மிஷின் பிடிபட்டதும் உண்மை. மீதியை எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

அன்று மாலை கொத்தனார் தூணை இடித்து மிஷினை உள்ளே விட்டு, தூணைத் திரும்பக் கட்டினார். கொட்டகையில் நின்றது, நான் ஆசைப்பட்ட அதே இடத்தில், அதே கம்பீரத்தோடு. எலெக்ட்ரீசியன் வந்து பார்த்தார். மூன்று பேஸ் கரண்ட் இருந்தால்தான் அந்த மோட்டார் ஓடும், நம் வீட்டில் ஒரு பேஸ்தான் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் யாராவது வந்து உங்கள் வீடே உங்களுடையது இல்லை என்று சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் பேசினார். "சர்வீஸ்ல எத்தனையோ ஆத்துல பாலம் போட்டிருக்கோம். வண்டி போயிருக்கு, டாங்கி போயிருக்கு" என்றார். கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டார். "நம்ம வீட்டுக்குள்ள நான் சுவரேறிக் குதிச்சேன்." அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

வத்திராயிருப்பில் இருந்து தகவல் வரவில்லை. மகேசு மதுரைக்குப் போய்விட்டாள், போனை எடுத்தால் "ம்", "சரி", "வேலை இருக்கு" என்று மட்டும் பேசினாள். அந்த வாரம் முழுக்க, போன் அடித்தால் நெஞ்சு அடித்தது, அடிக்காவிட்டாலும் அடித்தது. வகுப்பில் கூட்டலைக் கழித்துவிட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள். ஒரு நாள் தாங்கமாட்டாமல் அவளிடமே கேட்டுவிட்டேன்: "ஏட்டி, என் மேல கோவமா? வேற நல்ல இடமாப் பாப்போம்டி, விடு."

அவள் சொன்னாள். "எனக்கு அவங்களைப் பிடிச்சிருந்துச்சும்மா. அதான் கோவம்."

அதுவரை நான் பட்டதெல்லாம் வெட்கம். இது வேறு. ஊர் சிரித்ததைக்கூட ஒரு மாதிரி செரித்துக்கொள்ளலாம். என் பெருமைக்கு வாங்கிவந்த ஓர் இரும்புக் குப்பை, பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டது.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, வத்திராயிருப்பு வண்டியில் உட்கார்ந்தேன். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மலை கிட்டே வரவர ஒத்திகை மறந்துகொண்டே வந்தது.

கதவைத் திறந்தது பேச்சியம்மாள்தான். என்னைப் பார்த்துத் திகைத்து, "வாங்க மதினி. தாராளமா உள்ள வாங்க" என்றார். அந்தத் தாராளமாவில் நான் அரைவாசி செத்துவிட்டேன். உட்கார்ந்ததும் ஒத்திகை எல்லாம் போய், பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது.

"மதினி, எல்லாம் என் கிறுக்குத்தனம். என் மவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. புடவை கட்டிட்டு வெளிய வந்துதான் அவளே அந்த மிஷினப் பாத்தா. நான் செஞ்சதுக்கு அவளத் தள்ளிராதீய."

"அய்ய, எதுக்கு மதினி அழுதீய?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பொண்ண யாரு வேண்டாம்னு சொன்னா? அந்தக் களேபரத்துலயும் கை நடுங்காமக் காபி கொடுத்துச்சு. எம் மவன் அன்னைக்கிருந்தே அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்கான். அவன் அப்பாவுக்கும் சந்தோசந்தான்."

"பொறவு ஏன் மதினி ஒரு தகவலும் சொல்லல?"

அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"கட்டில்தான் மதினி யோசனையா இருந்துச்சு" என்றார் கடைசியில். "நீங்க உங்க கையாலதான் செய்வேன்னு அம்புட்டு ஆசையாச் சொன்னீய. வேண்டாம்னா மனசு வருத்தப்படுவீய. வேணும்னா எம் மவன் அதுல படுக்கணும். இத எப்படி எடுத்துச் சொல்லன்னு நானும் இவியளும் ஒரு வாரமாப் பேசிக்கிட்டு இருக்கோம். முடிவு தெரியல, அதான் போன் பண்ணல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கவலையாக இருந்தார்.

"கட்டில் மட்டும் வேண்டாம் மதினி. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

"சரி மதினி" என்றேன். ஆயிரம் கிலோ இறங்கின மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, என் வாயை என்ன செய்வது, கேட்டுவிட்டேன்.

"பீரோ?"

அவர் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. கட்டிலும் பீரோவும் கடையில் வாங்கி, கடைக்காரரே கொண்டுபோய் வத்திராயிருப்பில் இறக்கினார். அந்தப் பக்கம் என்னை யாரும் வரவிடவில்லை. ரம்ப மேசை இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. ஒரு தடவைகூட ஓடியதில்லை. வார்ப்பு இரும்பு என்பதால் மேல்பரப்பு மட்டும் தட்டு மாதிரி சமமாக இருக்கும். அதன்மேல் பழைய கம்பளியை விரித்து வீட்டுக்காரர் தன் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. விற்க வேண்டுமென்றால் தூணை மறுபடியும் இடிக்க வேண்டும்.

போன மாதம் சம்பந்தி வீட்டில் புதிதாக ஒரு பெரிய பிரிட்ஜ் வாங்கினார்கள். பேச்சியம்மாள் போன் பண்ணினார். "ஞாயித்துக்கிழமை வந்து இறங்குது மதினி, நீங்களும் அண்ணனும் வந்துருங்க. கதவ உங்க மருமகன் அளந்துட்டான். பொறவு அவன் அப்பா அளந்தாரு. மகேசும் ஒரு தடவ அளந்துருச்சு."

போயிருந்தோம். வண்டியில் இருந்து பிரிட்ஜை இறக்கிக் கதவுப் பக்கம் கொண்டுவந்தார்கள். கனமாக இருக்கிறதே, ஒரு கை கொடுப்போம் என்று நான் எழுந்து இரண்டு எட்டு வைத்தேன். பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் திரும்பிப்போய் உட்காரும்வரை ஒருவர்கூட அசையவில்லை.